எய்தலும் எய்துதலும்

‘எய்தல்’ என்பது அம்பை விடுதல். ‘எய்துதல்’ என்பது சென்று சேர்தல். ‘து’ என்னும் ஓரெழுத்து இடையே வந்து அமர்ந்த அளவில், வில்லாளியின் விரலில் நிகழ்ந்த வினை இலக்கின் இடத்துக்குப் பெயர்ந்துவிடுகிறது. வினைப்பகுதிகளைக் கற்பிக்கும் வகுப்பில் இவ்விரண்டனையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டுதல் எம் நெடுநாள் வழக்கம். எய்தன எல்லாம் எய்துவதில்லை என்று கூறி மாணவரைச் சற்றே நகைக்க வைத்துவிட்டு, அடுத்த நூற்பாவுக்குச் சென்றுவிடுவோம். அந்த ஓரெழுத்தின் எடையை யாம் முழுதும் உணர்ந்தது 2018-ஆம் ஆண்டில், புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் காத்திருப்புக் கூடத்தில், கையில் ஒரு வண்ணத் துண்டறிக்கையுடன் அமர்ந்திருந்தபோதாகும்.

தமிழ்த்துறை மலரில் மருந்தின் கதை எதற்கு என்று மூத்தோர் வினவலாம். அத்துண்டறிக்கை தமிழில் இருந்தது. அதுவே எம் விடை. ‘நானோ துகள் மருந்து புற்றுநோய் உயிரணுக்களை மட்டும் தேடிச் சென்று அழிக்கும், நல்ல உயிரணுக்களைத் தொடாது’ என்று அதில் அச்சிட்டிருந்தனர். வெளியிட்டோர் பெயர் ஈண்டு வேண்டா. அந்த ஒரு தொடரை நம்பி எம் குடும்பத்தில் ஒரு வீடு விலை பேசப்படும் நிலைக்கு வந்தது.

நோயுற்றவர் எம் தமக்கையார். எம்மினும் பதினான்கு ஆண்டு மூத்தவர். உம்மா நோய்ப்படுக்கையில் இருந்த காலத்தில் எம்மை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையூர் ஒன்றில் வாழ்ந்த அவர், பனையோலையில் கொட்டானும் பெட்டியும் முடைவதில் ஊரறிந்த கைகாரர். 2011-இல் மார்பில் கட்டி கண்டு, அறுவையும் மருந்தும் முடித்து, ஏழாண்டு நலமாக இருந்தார். 2018-இல் நோய் எலும்பிலும் கல்லீரலிலும் மீண்டும் தலைகாட்டியது. சவூதியில் பணிபுரியும் அவர்தம் மகன், துண்டறிக்கையின் படத்தைக் கைபேசியில் கண்டு அன்றிரவே எம்மை அழைத்தார். “மாமா, தேடிப் போயி அழிக்கிற மருந்தாமே. வூட்ட வித்தாவது போட்டுருவோம்” என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் வீடு என்பது பெண்மக்களுக்கு உரியது. திருமணத்தின்போது மகளுக்குக் கொடுக்கப்படுவது. ஆகவே அவர் விற்கத் துணிந்தது தம் தங்கையின் வீட்டை. அத்தங்கையும் மறுசொல் சொல்லாது இசைந்துவிட்டார் என்பதுதான் எம்மை உறங்கவிடவில்லை. அச்சொற்றொடரின் மெய்ம்மையை அறிந்து சொல்லும் பொறுப்பு, குடும்பத்தில் ‘படித்தவர்’ என்று பெயர் வாங்கிய எம்மேல் விழுந்தது. எம்.ஃபில். பட்டத்துக்கு யாம் ஆராய்ந்தது இலக்கியமாயிற்றே, மருந்தைப் பற்றி எம்மைக் கேட்கலாமா என்று வீட்டில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எம் கல்லூரி உயிர்வேதியியல் துறை நண்பர்கள் கொடுத்த கட்டுரைகளை அகராதியை அருகில் வைத்துக்கொண்டு படித்தோம். படித்தறிந்ததில் ஒரு பகுதியே இங்கு எழுதப்படுவது.

இலக்கு நோக்கிச் செல்லும் மருந்து என்னும் கனவு புதியதன்று. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், உயிர்த்திசுக்களுக்குச் சாயமேற்றி ஆய்ந்தவர். ஒரு சாயம் ஒருவகை உயிரணுவில் மட்டும் பற்றி, பக்கத்தில் உள்ளதை விட்டுவிடுவதை அவர் கண்டார். அவ்வாறே நோய்க்கிருமியை மட்டும் பற்றும் நஞ்சும் இருத்தல் கூடும் என எண்ணி, அதற்கு ‘மாயக்குண்டு’ என்று பெயரிட்டார். மேகநோய்க்கு அவர் ஆய்வுக்கூடத்தில் உருவான சால்வர்சான் 1910-இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1908-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்திருந்தது. அப்பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவர் ருசிய அறிஞர் மெச்னிக்கோவ். உடலுள் நுழையும் அயற்பொருள்களை விழுங்கிச் செரிக்கும் உயிரணுக்கள் நம்மிடம் உண்டெனக் கண்டறிந்தவர். இவ்விருவர் பெயரும் ஒரே பரிசில் இணைந்ததை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர்த் தேவைப்படும்.

புற்றுநோய்க்கு மாயக்குண்டு எளிதில் வாய்க்கவில்லை. கிருமி அயலது, புற்றுயிரணுவோ நம் உயிரணுவே நெறி பிறழ்ந்து பெருகியது. 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்ட நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் மருந்து, போர்க்கள நச்சுப்புகையின் நெருங்கிய உறவுப்பொருள். அதன் வழியே வந்த மருந்துகளிற் பல, விரைந்து பிரியும் உயிரணு எதுவாயினும் அதனைத் தாக்குவன. மயிர்க்காலும் வாயின் உட்தோலும் எலும்பு மச்சையும் விரைந்து பிரிவன ஆதலின், முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, குருதியணுக்கள் குறைகின்றன.

இவ்வரிசையில் ஒரு செந்நிற மருந்து உண்டு. இத்தாலியின் அபுலியா மாநிலத்தில், 13-ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் எழுப்பிய காஸ்டெல் டெல் மான்டே என்னும் கோட்டையை அடுத்த மண்ணில் எடுத்த நுண்ணுயிர் ஒன்று சிவந்த பொருளொன்றைச் சுரந்தது. (அப்பேரரசர் அரபு மொழி பயின்றவர், முஸ்லிம் அறிஞரோடு அறிவுரையாடல் நிகழ்த்தியவர், அதனை விரிக்க இது இடமன்று.) அதிலிருந்து டானோரூபிசினும், அந்நுண்ணுயிரின் மாறிய வகையிலிருந்து டாக்சோரூபிசினும் கிடைத்தன. பெயரின் நடுவே நிற்கும் ‘ரூபி’ மாணிக்கக்கல்லின் நிறம் பற்றி வந்தது. பக்கத்துக் கடலான அட்ரியாட்டிக்கின் பெயரால் அட்ரியாமைசின் என்றும் வழங்குவர். மார்பகப் புற்றுக்கு இன்றளவும் முதன்மையான மருந்துகளுள் இஃது ஒன்று. 2011-இல் எம் தமக்கையாருக்குச் செலுத்தியதும் இதுவே. மருந்து ஏறியபின் சிறுநீரும் சிவந்து போகும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிடின் வீட்டார் அலறிவிடுவர்.

இம்மருந்தின் பெருங்குறை, அது இதயத்தசையைக் கெடுப்பது. கெட்ட இதயத்தசை முடிபோல மீண்டும் முளைப்பதன்று. ஆதலின் ஒருவர் வாழ்நாள் முழுமைக்கும் ஓர் எல்லை வகுத்துள்ளனர். உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 450 முதல் 550 மில்லிகிராம் வரை என்பது அவ்வெல்லை. தவணைக்கு 60 வீதம் நான்கு தவணை பெற்றிருந்த தமக்கையாரின் கணக்கில் 240 ஏற்கெனவே ஏறியிருந்தது. மளிகைக்கடைப் பற்றேடு போன்றது இது. ஆனால் இக்கடனை எவ்வளவு காலம் கழித்தும் அடைக்க இயலாது. 2018-இல் எடுத்த எக்கோ சோதனை, இதயம் முன்னைய உறுதியோடு இல்லையோ என்னும் ஐயத்தை எழுப்பியது. எனவேதான் மருத்துவர், அதே மருந்தைக் கொழுப்புறையில் இட்டுச் செலுத்தும் வகையைக் குறிப்பிட்டார். துண்டறிக்கை போற்றிய நானோ மருந்து அதுவே.

‘நானோ’ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நம் மொழியில் ‘குறள்’ என்பதற்கும் அப்பொருள் உண்டு. சிறுமையை அளப்பதில் நம் முன்னோர் சளைத்தவர் அல்லர். முந்திரி 320-இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி 1,02,400-இல் ஒரு பங்கு. நானோமீட்டர் இவற்றையும் கடந்து, ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்காக நிற்பது. டாக்சோரூபிசினைச் சுமக்கும் துகளின் குறுக்களவு 80 முதல் 100 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் குறுக்கே ஏறத்தாழ ஆயிரம் துகள்களை நிரல்பட வைக்கலாம்.

அத்துகள் ஒரு கொழுப்புக் குமிழி, லிப்போசோம் என்பர். 1960களின் முற்பகுதியில் கேம்பிரிட்ஜை அடுத்த பாப்ரகாமில் அலெக் பாங்கம் என்பார், முட்டை மஞ்சட்கருவில் உள்ள லெசித்தின் என்னும் கொழுப்பை நீரிற் கலந்து மின்னணு நுண்ணோக்கியில் நோக்கினார். அக்கொழுப்பு தானாகவே ஈரடுக்குச் சுவர்களாகி, உள்ளே நீரை அடக்கிக் குமிழிகளாக மூடிக்கொண்டிருந்தது. நம் உயிரணுக்களின் சுவரும் இத்தகையதே. உள்ளே நீர் இருக்கும் இடத்தில் மருந்து இருந்தால் என்ன என்ற எண்ணம் விரைவில் எழுந்தது. அது நோயாளியின் கைக்கு வர முப்பதாண்டு ஆயிற்று. குமிழிக்குள் வைத்த மருந்து நில்லாமல் ஒழுகியது. நின்றபோதோ, குமிழியையே மெச்னிக்கோவ் கண்ட விழுங்கும் உயிரணுக்கள் கல்லீரலில் பிடித்துத் தின்றுவிட்டன.

எருசலேமில் ஆய்வு நிகழ்த்திய பாரன்ஹோல்சும் கபிசோனும் அவர்தம் துணைவரும் இவ்விரு தடைகளையும் கடந்த முறை வியக்கத்தக்கது. குமிழிக்குள் முதலில் அம்மோனியம் சல்பேட் கரைசலை நிரப்பிக்கொண்டு, மருந்தை வெளியே வைத்தனர். மருந்து தானே சுவரைக் கடந்து உட்புகுகிறது. புகுந்ததும் சல்பேட்டோடு கூடிப் படிகமாகிறது. படிகமானபின் வெளியேற அதற்கு வழியில்லை. எம் ஊர்க் கடலோரத்தில் வைக்கும் மீன்பறியை இது நினைவூட்டும். ஒரு குமிழிக்குள் இவ்வாறு 10,000 முதல் 15,000 மூலக்கூறுகள் வரை அடைபடுகின்றன. பின்னர்ப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் இழைகளைக் குமிழியின்மேல் முளைக்கச் செய்தனர். அவ்விழைகள் நீரை ஈர்த்துத் தம்மேல் போர்த்துக்கொள்வதால், விழுங்கும் உயிரணுக்கள் குமிழியை அயற்பொருள் என்று விரைவில் அடையாளம் காண்பதில்லை. சில மணி நேரத்தில் மறைந்த குமிழி, குருதியில் இரண்டு மூன்று நாள் உலவலாயிற்று. 1995-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் டாக்சில் என்ற பெயரில் அதற்கு இசைவளித்தது. நானோ மருந்துகளுள் முதன்முதலில் அந்நாட்டின் இசைவு பெற்றது அதுவே.

இனி, அது கட்டியை எவ்வாறு எய்துகிறது? இவ்விடத்தில்தான் சொற்கள் நழுவத் தொடங்குகின்றன. குமிழிக்குக் கண்ணில்லை, மூக்கில்லை, அது எதனையும் தேடுவதில்லை. குருதியோடு சுற்றுகிறது, அவ்வளவே. 1986-இல் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மட்சுமுராவும் மயேடாவும் ஓர் உண்மையை எடுத்துரைத்தனர். புற்றுக்கட்டி, பருவமழைக்கு முன் அவசர அவசரமாக எழுப்பிய வீடு போன்றது. அதன் குருதிக்குழாய்ச் சுவர்களில் இடுக்குகள் மிகுதி. கழிவுநீரைக் கொண்டுசெல்லும் நிணநீர் வடிகாலும் செம்மையாக அமைந்திராது. எனவே, பருத்த மூலக்கூறுகள் அவ்விடுக்குகளின் வழியே கசிந்து கட்டியுள் தங்கிவிடும். நல்ல உறுப்புகளின் குழாய்ச் சுவர் நெருக்கமானது. அங்கே அவை எளிதில் வெளிவரா. நானோ மருந்துக்கு ‘இலக்கு’ என்ற சொல் பொருந்தியது இக்கசிவை நம்பித்தான்.

ஆய்வுக்கூட எலிகளின் கட்டிகள் இம்மருந்துகளால் சுருங்கின. எலியின் கட்டி சில வாரங்களில் வளர்க்கப்படுவது; அதன் உடலளவுக்கு மிகப் பெரியது. மனிதரின் கட்டியோ ஆண்டுக்கணக்கில் வளர்வது; ஆளுக்கு ஆள் வேறுபடுவது; ஒரே கட்டியிலும் ஒரு பக்கம் இடுக்குகள் இருக்க, மறுபக்கம் குருதியோட்டமே அற்றிருப்பது. எலிகளிடத்தும் உண்மையில் எவ்வளவு சென்று சேர்கிறது என்று டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் என்பாரின் குழுவினர் கணக்கெடுத்தனர். பத்தாண்டுகளில் வெளிவந்த விலங்காய்வுகளைத் தொகுத்து 2016-இல் அவர்கள் கண்ட இடைநிலை மதிப்பு 0.7 விழுக்காடு. ஊசிவழிச் செலுத்திய துகள்களில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கட்டியை எய்தவில்லை.

இவ்வெண்ணை ஒருமுறை வகுப்பில் சொன்னபோது, முன்வரிசை மாணவி ஒருவர், “மீதி எங்கே போகும், ஐயா?” என்றார். நல்ல வினா. பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. அங்கே விழுங்கும் உயிரணுக்கள் காத்திருக்கின்றன. நீர்ப்போர்வை அவற்றைத் தாமதப்படுத்துகிறதே அன்றி, ஏமாற்றிவிடுவதில்லை. எர்லிக்கின் குண்டுகளை மெச்னிக்கோவின் உயிரணுக்கள் தின்றுகொண்டிருக்கின்றன. நூறாண்டுக்கு முன் பரிசைப் பங்கிட்டவர்கள் இன்னும் பங்கு தீராமல் நிற்கிறார்கள் என்றோம். வகுப்பு சிரித்தது. அம்மாணவி சிரிக்கவில்லை, அவர்தம் இல்லத்திலும் நோயாளி உண்டென்று பின்னர் அறிந்தோம்.

இடுக்குகளின் கதையும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. கட்டியுள் நுழைந்த துகள்களில் 97 விழுக்காடு வரை, இடுக்குகளின் வழியே கசியாமல் குழாய்ச் சுவரின் உயிரணுக்களே ஏந்திக் கடத்தியவை என்று அதே டொராண்டோ குழுவினர் 2020-இல் வெளியிட்டனர். துகளின்மேல் எதிர்ப்புரதம் முதலியவற்றை ஒட்டி, புற்றுயிரணுவின் முகத்தை அறியுமாறு செய்யும் முயற்சிகளும் பல. கண் வைத்த துகளும் முதலில் கட்டிக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கு முன்பே குருதியிலுள்ள புரதங்கள் அதன்மேல் படிந்து கண்ணை மறைத்துவிடுகின்றன. அத்தகைய துகளைப் பெரிதும் நம்பித் தொடங்கிய பைண்டு தெரபியூட்டிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2016-இல் திவாலாயிற்று.

இவற்றைக் கொண்டு நானோ மருந்தே வீண் என்று முடிவுகட்டுவோரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. உறையிடாத மருந்தும் உடலெங்கும் பரவுவதுதான். கட்டிக்கென்று அதற்குத் தனிப்பாதை இல்லை. வினவ வேண்டிய வினா வேறு. 2004-இல் வெளிவந்த ஆய்வொன்றில், பரவிய மார்பகப் புற்றுடைய 509 பெண்களில் ஒரு சாராருக்கு வெற்று டாக்சோரூபிசினும் மறுசாராருக்கு உறையிட்டதும் அளித்தனர். நோய் முற்றாது நின்ற காலம் உறையிட்டதற்கு 6.9 மாதம், வெற்று மருந்துக்கு 7.8 மாதம், வாழ்நாள் முறையே 21, 22 மாதம். இவ்வேறுபாடுகள் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கன அல்ல. புற்றைக் கொல்வதில் இரண்டும் ஒன்றே. ஆனால் இதயம் கெடும் வாய்ப்பு வெற்று மருந்துக்கு மும்மடங்குக்கும் மேல். முடி கொட்டியோர் வெற்று மருந்தில் நூற்றுக்கு 66 பேர், உறையிட்டதில் 20 பேர்.

இவ்வெண்களை யாம் மீண்டும் மீண்டும் படித்தோம். துண்டறிக்கை சொன்னது ஒன்று; மருந்து செய்தது மற்றொன்று. கட்டியை அது பிறிதினும் சிறப்பாக எய்தியதாகச் சான்றில்லை. இதயத்தை எய்தவில்லை என்பதற்கே சான்றுண்டு. இதயத்தின் குழாய்ச் சுவர்கள் நெருக்கமானவை ஆதலின் குமிழி அங்கே இறங்காமல் கடந்து போகிறது. எய்தாமையே அதன் பயன். விற்போர்க்கு இது சுவையான செய்தியாகப் படாது போலும். 240 மில்லிகிராம் ஏற்கெனவே ஏறிய இதயத்தை உடையவர்க்கு இதைவிட இனிய செய்தி வேறில்லை.

மருத்துவரைக் கண்டு இதனைச் சொன்னோம். அவர் வியந்தவராகத் தெரியவில்லை. “கட்டி கரையுறதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, சார். அவங்க இதயத்துக்காகத்தான் இதைச் சொல்றேன். அதுக்கு வீட்டை விக்க வேண்டாம்; நம்ம நாட்டுலயே செய்யறது இருக்கு” என்றார். அது மெய்யே. 2011-இல் டாக்சிலைத் தயாரித்துவந்த அமெரிக்க ஆலை தடைப்பட்டு அந்நாட்டில் அம்மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 2012-இல் அந்நாட்டு நிருவாகமே நம் நாட்டின் சன் பார்மா நிறுவனத்து லிப்போடாக்சை இறக்குமதி செய்ய இசைந்தது. மறு ஆண்டே அந்நிறுவனத்தின் மருந்துக்கு முறையான இசைவும் வழங்கியது. அங்கே செல்லத்தக்க மருந்து இங்கே செல்லாதோ? வெற்று மருந்தினும் இதுவும் பல மடங்கு விலைதான். எனினும் வீட்டை விற்கும் விலை அன்று.

தமக்கையாரிடம் சொல்ல வேண்டிய பகுதியே அரிது. கொட்டான் முடைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். குமிழியையும் இடுக்கையும் யாம் விளக்கி முடித்ததும், “அப்ப இது புத்தத் தேடிப் போறதுல்ல, நெஞ்சுக்கூட்டுக்கு வழிவுட்டுப் போறது. அப்புடித்தானே தம்பி?” என்றார். “அவ்வளவுதான் ராத்தா” என்றோம். ஆறு கட்டுரைகள் படித்து யாம் அறிந்ததை ஓலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்லிவிட்டார். மகளின் வீட்டை விற்பதில்லை என்பதையும் அப்போதே முடித்துவிட்டார்.

பிறகு மறைக்காமல் மற்றொன்றையும் சொன்னோம். அதே 2004-ஆம் ஆண்டு ஆய்வில் உறையிட்ட மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 48 பேருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோலுரிந்தன. வெற்று மருந்தில் அது 2 பேருக்கே. நெடுநேரம் குருதியில் உலவும் குமிழி, வியர்வைச் சுரப்பிகள் மிகுந்த அவ்விடங்களில் சிறிது சிறிதாகத் தங்குகிறது என்று கருதுகின்றனர். இதயத்துக்கு வழிவிட்டது கையில் இறங்கிவிடுகிறது. வெந்நீர் ஆகாது, இறுக்கமான செருப்பு ஆகாது, கைகளை உரசும் வேலை ஆகாது. ஓலை முடைவதில் உரசாத கணம் ஏது?

மூன்றாம் தவணைக்குப் பிறகு தோலுரிந்தது. பெருநாளுக்கு மருதாணி இட்ட கைபோல் சிவந்திருக்கிறதே என்று அறியாத அண்டை வீட்டுச் சிறுமி மகிழ்ந்து கேட்டாள். மருத்துவர் தவணைகளின் இடைவெளியை நீட்டித்து, அளவையும் சற்றுக் குறைத்தார். நனைத்துப் பதப்படுத்திய ஓலை மூலையில் கிடந்து உலர்ந்தது. “நெஞ்சு வேணுமா கை வேணுமான்னா நெஞ்சத்தான் கேப்பேன். ஆனா கையும் ஏங் கையிதானே, தம்பி” என்றார் ஒருநாள். விடை சொல்ல எம்மிடம் ஒன்றுமில்லை. தவணைகளுக்கு இடையே தோல் ஆறிய சில வாரங்களில் சிறு கொட்டான்கள் மட்டும் முடைந்தார்.

2020 சனவரியில், கல்லீரலில் பரவிய நோயால் அவர் காலமானார். இறுதி எக்கோ சோதனை வரை இதயம் தன் பணியைச் செம்மையாகச் செய்துகொண்டிருந்தது.

அவர் மறைவுக்குப் பின்னும் இத்துறையைக் கவனித்து வருகிறோம். நன்மையின் வடிவம் மருந்துக்கு மருந்து மாறுகிறது. பசிபிக் யூ மரப்பட்டையில் கண்ட பாக்ளிடாக்சல் நீரில் கரையாது ஆதலின் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து தரப்பட்டது. அக்கரைப்பானே சிலருக்கு உயிருக்குத் தீங்காகும் ஒவ்வாமையை உண்டாக்கியது. 2005-இல் இசைவு பெற்ற அப்ராக்சேன், அம்மருந்தை நம் குருதியிலுள்ள அல்புமின் புரதத்தோடு 130 நானோமீட்டர் துகளாக்கித் தருவது. எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. 2017-இல் வந்த வைக்சியோஸ், டானோரூபிசினையும் சைட்டாரபினையும் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதம் குலையாமல் ஒரே குமிழியில் வைத்தது. 60 முதல் 75 வயதுக்குட்பட்ட, கொடிய வகை இரத்தப்புற்று உடையோரிடம் வாழ்நாளின் இடைநிலை மதிப்பை 5.95 மாதத்திலிருந்து 9.56 மாதமாக உயர்த்தியது. இது மெய்யான வெற்றி. மூன்றரை மாதம்தானே என்று சொல்வோர், நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து மாதங்களை எண்ணியிராதவர். 2020-க்குப் பின் கொரோனாத் தடுப்பூசிகளிற் சில கொழுப்புத் துகள்களில் ஏறியே உலகோர் தோள்களில் இறங்கின என்பதையும் அனைவரும் அறிவர்.

தமக்கையாரின் சிகிச்சைக் காலத்திலேயே, அவருக்காக எழுதி வைத்திருந்த தாளைக் கண்ட மருத்துவர், அதனைப் பிற நோயாளிகளுக்கும் தரலாமா என்று கேட்டார். ஒரு பக்கம்தான். ‘இலக்குசார் மருந்து’ என்ற தொடரை நீக்கி ‘உறையிட்ட மருந்து’ என்று வைத்தோம். இலக்கு என்றதும் அம்பும் வில்லும் மனத்தில் எழுந்து, குறி தப்பாது என்னும் உறுதியும் கூடவே வந்துவிடுகிறது. உறை என்றால் உறை, அவ்வளவே. ‘தேடிச் செல்லும்’ என்பதற்கு மாற்றாக, ‘குருதியோடு உடல் முழுதும் செல்லும், இதயத்தில் குறைவாகவே இறங்கும், கை, கால் தோலில் இறங்கக் கூடும்’ என்று எழுதினோம். ‘குறைவாகவே’ என்பதில் உள்ள ஏகாரம் வேண்டுமா என்று மருத்துவருக்கும் எமக்கும் சிறிது நேரம் வழக்கு நடந்தது. சிலருக்கு இதயமும் கெடக் கூடும், ஏகாரம் அதை மறைத்துவிடும் என்றார் அவர். அவர் சொன்னதே சரி, ஏகாரத்தை எடுத்துவிட்டோம்.

அத்தாள் இப்போது அப்பிரிவின் செவிலியரிடம் உள்ளது. சென்ற ஆண்டு எம் துறை மாணவியர் இருவர், எழுத்தறியாத முதியவருக்குப் படித்துக் காட்டினால் எந்தச் சொல்லில் அவர் தடுக்குகிறார் என்று அறிய, அத்தாளோடு அங்கே சென்று வந்தனர். ‘குருதி’ என்ற சொல்லில் பலர் தடுக்கினர். ‘இரத்தம்’ என்று மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.